பங்குனி வெயில் ஏறிவிட்டது: காரை நடைகளை முடித்துவைக்கும் இழை

கல்நடை | திங்கள், காலை 6.40

எல்லோருக்கும் வணக்கம். தொல்லுயிர் எச்சங்களை (கல்லாகிப்போன பழைய உயிர்களை) தேடிப் போகும் நம் நடைகள் இந்த சீசனில் ஏழும் நேற்றோடு முடிந்தன. காலை ஆறரைக்குப் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை மேட்டில் இறங்கினோம், ஒன்பதே காலுக்கெல்லாம் தண்ணீர் பாட்டில்கள் காலி. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓடைகளைப் புதிதாக அறுத்துவிடும்வரை அங்கே போவதில்லை என்பது வழக்கம்போல நம் முடிவு. வெயில் மட்டும் காரணமில்லை. மேலே கிடந்ததையெல்லாம் பார்த்தாகிவிட்டது. இனிமேல் போனால் கை தானாகத் தோண்டத் தொடங்கும்.

நடைதான் முடிந்தது, வேலை முடியவில்லை. யார் யார் வீட்டில் டிபன் டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் என்னென்ன இருக்கிறது என்று இந்த இழையில் எழுதுங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சீட்டு வேண்டும். எந்த இடம் (செல்போனில் எடுத்த ஜிபிஎஸ் எண்ணோடு), எந்த அடுக்கு, எந்த நாள், யார் எடுத்தது. இந்த நான்கும் இல்லாவிட்டால் அது அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் நம் பக்கத்துக் கிளிஞ்சல்களைச் சேர்த்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் விவரித்து எழுதினார். அப்புறம் 1857 தொடங்கி ஹென்றி பிளான்ஃபோர்ட் இங்கே ஊர் ஊராக நடந்து பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தார்: ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். அந்தப் பெயர்கள் இன்றும் உலகம் முழுக்க நிலவியல் நூல்களில் நிற்கின்றன. அவர்கள் சேர்த்த சரக்கை வைத்துத்தான் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா கல்கத்தாவில் உட்கார்ந்து, தென்னிந்திய கிரெட்டேசியஸ் (டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி) உயிர்களைப் பற்றிப் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதினார். எழுதியவர் ஒருவர், பொறுக்கியவர்கள் வேறு. நடுவில் அந்த வேலையைத் தாங்கிப் பிடித்தது ஊர்ப் பெயர் எழுதிய சீட்டுதான். அதனால்தான் நூற்றைம்பது வருடம் கழித்தும் ஓர் ஆய்வாளர் அதே ஊருக்கு வந்து அதே அடுக்கைத் தேட முடிகிறது.

சரி, தொடங்குங்கள்.

சுண்ணாம்புக்கல் | திங்கள், காலை 8.15

சார், என் கணக்கு இது. நான் வேலை செய்வது அரியலூர் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில். ஷிஃப்ட் முடிந்து, மேலாளர் எழுத்தில் கொடுத்த அனுமதியோடு, வெடி வைத்து உதிர்ந்த குவியலிலிருந்து மட்டும் எடுத்தவை. கிரிஃபியா சிப்பி 11, அதில் நான்கு இரண்டு ஓடும் மூடியபடி. இனோசெராமஸ் என்ற இன்னொரு சிப்பியின் துண்டுகள் 6. கடல்முள்ளெலி ஒன்று, கொஞ்சம் நசுங்கியது. எல்லாம் கல்லங்குறிச்சி அடுக்கு. எந்த பெஞ்ச் (சுரங்கத்தில் வெட்டிய படி) என்றும் குறித்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கிரிஃபியா அடுக்கை நேரில் பார்க்காதவர்களுக்கு அது புரியாது. உள்ளங்கை அளவு, சில இடத்தில் அதைவிடப் பெரிய, கனத்த சிப்பிகள் சுவரில் செங்கல் அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். சுமார் 7 கோடி வருடத்துக்கு முன் ஆழமில்லாத கடலில் வாழ்ந்தவை. அதைத்தான் நாங்கள் உடைத்துச் சூளைக்கு அனுப்புகிறோம். அரியலூர் சிமெண்டில் கட்டிய வீட்டுச் சுவரில் எல்லாம் இந்தச் சிப்பி கரைந்திருக்கிறது. எனக்கு இந்த வேலைதான் சோறு போடுகிறது, குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் பத்து நிமிடம் அந்த முகப்பைப் பார்த்துப் படம் எடுக்க ஓர் ஆள் இருந்தால் நன்றாக இருக்கும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

முதல் சீசன் | திங்கள், இரவு 9.02

காலையிலிருந்து எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். என்னிடம் ஒரு அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட பழைய கடலுயிர்) இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு அளவு. ஒரு பக்கம் ஜிப்சம் பாளமாக ஒட்டியிருக்கிறது. இரண்டாவது நடையில் நான் வழி தவறி அரை மணி நேரம் தனியாகச் சுற்றினேன் அல்லவா, அப்போது ஓர் ஓடையில் பாதி வெளியே தெரிந்தது. கையால் மண்ணைத் தள்ளி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் வாங்கி வைத்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். போனில் சார்ஜ் இல்லை, அதனால் இடமும் குறிக்கவில்லை. எந்த ஓடை என்று இப்போது கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

தினமும் ராத்திரி அதை எடுத்துப் பார்ப்பேன். கல்நடை சாரின் பதிவைப் படித்தபிறகு பார்க்கும்போது சந்தோஷமாக இல்லை. என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

சேலத்துக்காரன் | திங்கள், இரவு 9.40

தம்பி, உண்மையைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் எனக்குக் கோபம் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் விதியில் முதல் வரி: தரையில் உதிர்ந்து கிடப்பதை மட்டும். இரண்டாவது வரி: பெரியதாக எது கண்ணில் பட்டாலும் தொடாமல் கூப்பிடு. நீங்கள் இரண்டையும் மீறிவிட்டீர்கள். இணையத்தில் காரை அம்மோனைட் என்று போட்டு விலை பேசுகிறவர்களைப் பார்த்து நாம் எவ்வளவு வருத்தப்படுகிறோம். தொல்லுயிர் எச்சங்களைக் காப்பதற்கு 2022-ல் ஒரு வரைவு மசோதா வந்தது. அதற்கு முன்னும் பின்னும் அந்த மேட்டைக் காப்பாற்றுவது நடந்து போகிறவர்களின் மனசாட்சிதான். நாமே இப்படிச் செய்தால் ஊர்க்காரர்கள் நம்மை ஏன் உள்ளே விட வேண்டும்?

காரை ஊர்க்காரி | செவ்வாய், காலை 5.55

நான் இந்தக் குழுவில் இல்லை. படித்துக்கொண்டு மட்டும் இருப்பேன். இன்றைக்கு எழுதலாம் என்று தோன்றியது.

எங்கள் வீடு அந்த மேட்டுக்குக் கிழக்கே. சின்ன வயதில் ஆடு ஓட்டிக்கொண்டு போனால் விரல் மாதிரி நீளமான கற்களைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வருவோம், ஐந்தாங்கல் ஆடவும் கோடு கிழிக்கவும். அது பெலம்னைட் என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. கணவாய் மாதிரி ஒரு பிராணியின் உடம்புக்குள் இருந்த கூர்முனை என்று அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப நம்ம ஓடையில கடல் இருந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம்பா என்றேன். அன்று முழுக்க அவர் வேறு பேச்சு பேசவில்லை.

வருகிறவர்கள் எல்லோரும் எதையாவது எடுத்துக்கொண்டு போகிறார்கள். இது என்ன என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனவர்கள் ரொம்பக் குறைவு. இப்போது பைக்கை மேட்டின்மேல் ஏற்றிப் படம் பிடிக்கிறவர்களும் வருகிறார்கள். சக்கரம் போன இடத்தில் மண் பாளம் பாளமாகச் சரிகிறது. உங்கள் ஆசிரியர் கல்நடை மட்டும் ஒவ்வொரு வருடமும் கடைசி நடை முடிந்ததும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளிடம் காட்டிவிட்டுப் போவார். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தத் தம்பி கல்லைப் படம் எடுத்துப் போடட்டும். ஜிப்சம் ஒட்டிய பக்கத்தையும் போடச் சொல்லுங்கள். அப்பாவிடம் காட்டுகிறேன். அவர் வாலிபத்தில் அந்தப் பக்கம் ஜிப்சம் எடுக்கக் கூலிக்குப் போனவர். ஓடை ஓடையாகத் தெரியும்.

கல்நடை | செவ்வாய், காலை 6.30

அம்மா, நீங்கள் எழுதியது எனக்குப் பெரிய சந்தோஷம். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சேலத்துக்காரன் சொன்னதில் தவறில்லை. ஆனால் தம்பி தானாக வந்து சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். கல் திரும்பிவிட்டது. இனி இடத்தையும் திருப்ப முடிகிறதா என்று பார்ப்போம். தம்பி, கழுவாதீர்கள். மண் இருந்தால் அப்படியே இருக்கட்டும். பிரஷ்கூட வேண்டாம்.

நுண்ணோக்கி | செவ்வாய், மதியம் 1.20

ஐயோ, ஆமாம், தயவுசெய்து கழுவாதீர்கள். நான் திருச்சியில் எம்.எஸ்சி நிலவியல் இரண்டாம் ஆண்டு. அந்த மண்ணில்தான் பதில் இருக்கிறது.

விளக்கமாகச் சொல்கிறேன். காரைக் களி கடலடிச் சேறு. அதில் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்களின் ஓடுகள் இருக்கும். ரவையைவிடச் சின்னது. அம்மோனைட் எந்த வகை என்று இப்போது தெரியாது, ஆனால் சில ஃபோராம் வகைகள் ஒரு குறிப்பிட்ட காலத்தில் மட்டுமே இருந்தன. அதனால் எந்த அடுக்கு என்று அவை காட்டிக்கொடுக்கும். வெளியே ஒட்டிய மண் வேண்டாம், அது மழை கொண்டுவந்ததாக இருக்கலாம். சுருளின் நடுவில் தொப்புள்போலக் குழி இருக்கிறதல்லவா, அதற்குள் இறுகிக் கிடக்கும் மண்ணைப் பல்குச்சியால் இரண்டு ஸ்பூன் எடுங்கள். முடிந்தால் உடைந்த அறைக்குள்ளிருந்தும்.

அதை இரண்டு நாள் வெயிலில் மொறமொறவென்று காய வையுங்கள். இதைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. ஈரமாகத் தண்ணீரில் போட்டால் களி கரையவே கரையாது. நன்றாகக் காய்ந்ததைச் சுடுதண்ணீரில் ஒரு சிட்டிகை சலவை சோடாவோடு போட்டால் கண்ணெதிரே நொறுங்கி விழும். ராத்திரி முழுக்க ஊறட்டும். அப்புறம் 63 மைக்ரான் சல்லடையில் மெதுவாகக் குழாய்த் தண்ணீரை விட்டு, கீழே வருகிற நீர் தெளியும்வரை அலச வேண்டும். வீட்டில் அந்தச் சல்லடை இருக்காது, தேநீர் வடிகட்டியில் எல்லாம் ஓடிவிடும். அதனால் காய வைத்த மண்ணைக் கூரியரில் எனக்கே அனுப்பிவிடுங்கள், முகவரி தனிச்செய்தியில் தருகிறேன். யாரோ போன வருடம் எலுமிச்சைச் சாறு, வினிகர் என்று எழுதியிருந்தார்கள். கூடவே கூடாது. இந்த ஓடுகள் சுண்ணாம்பு, அமிலம் பட்டால் ஒன்றும் மிஞ்சாது. வினிகர் மாதிரி மிதமான அமிலத்தைப் பல், எலும்பு மாதிரி பாஸ்பேட் பொருளைச் சுண்ணாம்புக்கல்லிலிருந்து பிரிக்கத்தான் ஆய்வகத்தில் பயன்படுத்துவார்கள், அதுவும் பக்குவம் தெரிந்தவர்கள்.

டோர்செட் கரை | செவ்வாய், மாலை 6.05

தெற்கு இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் எங்களுக்கு சீசன் முடிகிறது. லைம் ரீஜிஸ், சார்மத் கரையில் குளிர்காலம்தான் நல்ல காலம். புயல் அடித்து மண்பாறை சரிந்தால் கடல் அதைக் கழுவி, ஜுராசிக் கால அம்மோனைட்டைக் கரையில் போடும். உங்களுக்கு வடகிழக்குப் பருவமழை செய்கிற வேலையை இங்கே அலை செய்கிறது. இங்கே கோடை வந்தால் கரையில் கூட்டம்தான் இருக்கும், கல் இருக்காது.

முதல் சீசன் தம்பிக்காகவே ஒன்று சொல்கிறேன். இங்கே அந்தக் கரைக்கென்று ஒரு சேகரிப்பு நெறி இருக்கிறது. செங்குத்துப் பாறையைத் தோண்டக் கூடாது. உதிர்ந்ததை எடுக்கலாம். அறிவியலுக்கு முக்கியமானது கிடைத்தால் சார்மத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தவர்கள் பொருளைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம் போனதால் ஆட்கள் ஒளிக்காமல் வந்து காட்டுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அரிய பொருள் அருங்காட்சியகத்தில்தான் இருக்க வேண்டும் என்பேன். ஆனால் தகவல் தொலையாமல் இருப்பதற்கு அந்த வழி உதவியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதே கரையில்தான் மேரி ஆனிங் 1823-ல் முழு பிளீசியோசார் (நீள்கழுத்துக் கடல் ஊர்வன) எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். தச்சர் வீட்டுப் பெண். அவர் தோண்டியதை வாங்கிய கனவான்கள் பேர் வாங்கினார்கள், கட்டுரைகளில் அவர் பெயரைப் பல நேரம் எழுதவே இல்லை. சீட்டில் "யார் எடுத்தது" என்ற வரியை நான் எப்போதும் முதலில் நிரப்புவேன்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா | செவ்வாய், இரவு 8.30

நடுவில் ஒரு கேள்வி கேட்கலாமா? ஐந்தாவது நடையில் சாத்தனூர் கல்மரப் பூங்காவுக்குப் போனோமே, பதினெட்டு மீட்டர் மரம். என் பெரியவன் அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறான்: கடல் கிளிஞ்சல் கிடைக்கிற இடத்தில் மரம் எப்படி வந்தது? பூங்காவில் 12 கோடி வருடம் என்று போட்டிருந்தது. அதையும் அவன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.

நுண்ணோக்கி | செவ்வாய், இரவு 10.10

அக்கா, உங்கள் பையன் கேட்டதுதான் சரியான கேள்வி. கரையில் வளர்ந்த மரத்தை ஆறு அடித்துக்கொண்டு வந்து கடலில் சேர்த்தது. ஆழமில்லாத இடத்தில் மூழ்கி, மணலுக்குள் புதைந்து, சிலிக்கா ஊறிக் கல்லானது. பூக்கும் மரம் இல்லை, ஊசியிலை வகை. அதை 1940-ல் வெளியுலகுக்குச் சொன்னவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன், நம் தஞ்சைப் பக்கத்துக்காரர்.

வயதைப் பற்றி: அது கிடக்கும் அடுக்கு திருச்சிராப்பள்ளித் தொகுதி, மேல் கிரெட்டேசியஸ். மேல் கிரெட்டேசியஸ் தொடங்கியதே சுமார் 10 கோடி வருடத்துக்கு முன்தான். அதனால் நோட்டில் 12 கோடிக்குப் பக்கத்தில் "பாறையைப் பார்த்தால் 10 கோடிக்குள்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். 12 கோடியை அடித்துவிட வேண்டாம், இரண்டும் இருக்கட்டும்.

முதல் சீசன் | புதன், காலை 7.15

மண் எடுத்துவிட்டேன். குழிக்குள்ளிருந்து இரண்டு ஸ்பூன், உடைந்த ஓரத்து அறையிலிருந்து அரை ஸ்பூன். மாடியில் காய்கிறது. படங்கள் ஐந்து போட்டிருக்கிறேன். ஜிப்சம் பக்கத்தை வெயிலில் சாய்த்து எடுத்தேன், நார் நாராகத் தெரிகிறது பாருங்கள். அடியில் துரு நிறத்தில் ஒரு வரி ஓடுகிறது.

சேலத்து அண்ணன் திட்டியது சரிதான். நான் விற்க எடுக்கவில்லை. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை கையில் பிடித்ததே இல்லை.

சேலத்துக்காரன் | புதன், காலை 9.00

தெரியும் தம்பி. நானும் முதல் தடவை அப்படித்தான் நின்றேன்.

நான் எதற்கு அவ்வளவு சூடாகிறேன் என்றால், 2020-ல் குன்னத்தில் ஏரி வெட்டும்போது உருண்டை உருண்டையாகக் கிடைத்ததே, நினைவிருக்கிறதா? டைனோசர் முட்டை என்று வாட்ஸாப்பில் இரண்டே நாளில் ஊரெல்லாம் பரவியது. அவை முட்டையே இல்லை, கடல் படிவில் உருவான உருண்டைகள் என்று நிலவியல் ஆட்கள் வந்து சொன்னார்கள். அதற்குள் எத்தனையோ பேர் உருண்டைகளைப் பார்க்கவும் தூக்கவும் கிளம்பிவிட்டார்கள். உருண்டை என்றாலும் அதற்குள் அம்மோனைட் இருக்கலாம். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் யாராவது படிக்க முடியும்.

கல்நடை | புதன், இரவு 7.50

டைனோசர் என்றதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. இதை ஒவ்வொரு வருடமும் கடைசி நடையில் சொல்வேன், இந்த ஞாயிற்றுக்கிழமை வெயிலில் விட்டுவிட்டேன்.

அரியலூர்த் தொகுதியின் மேல் பகுதியில் கல்லமேடு அடுக்கு இருக்கிறது. அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1980களின் கடைசியில் ப்ருஹத்காயோசாரஸ் என்று ஒரு விலங்குக்குப் பெயர் வைத்தார்கள். பெருத்த உடல் கொண்டது என்று பொருள். கால் எலும்பு ஒன்றே இரண்டு மீட்டர் நீளம். முதலில் ஊனுண்ணி என்று நினைத்தார்கள், அப்புறம் நீள்கழுத்துத் தாவரவுண்ணி என்று தெரிந்தது. 2023-ல் வந்த ஒரு கணக்கு அதன் எடை 110 முதல் 170 டன் வரை இருக்கலாம் என்கிறது. அது சரியானால் பூமியில் நடந்த விலங்குகளில் இதைவிடப் பெரியது இல்லை.

ஆனால் அந்த எலும்பு இன்றைக்கு இல்லை. நம் மழையும் ஈரமும் அதை உள்ளுக்குள்ளேயே அரித்துவிட்டன. பிளாஸ்டர் கட்டுக்குள்ளேயே விரிசல் விட்டு, நொறுங்கிப் போனது. மிஞ்சியவை வரைபடங்கள். பழைய புகைப்படங்கள் சில 2022-ல் அச்சில் வெளியானபிறகுதான் உலகம் முழுக்க அதைப் பற்றி மறுபடி பேசத் தொடங்கினார்கள்.

என் பள்ளிக்கூடத்து நாட்களில் இந்தக் கதை தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு படித்தேன். நம் ஊர் மண்ணிலிருந்து வந்த அவ்வளவு பெரிய உயிர் நம் கையிலேயே தூளாகியிருக்கிறது. படம் மட்டும் எடுக்காமல் விட்டிருந்தால் இன்று பேசவே ஒன்றும் இருந்திருக்காது. நடையின்போது "முதலில் படம், அப்புறம் கை" என்று நான் கத்துவது இதனால்தான்.

சுண்ணாம்புக்கல் | புதன், இரவு 9.25

சார், இதை எங்கள் சுரங்கத்துப் பையன்களிடம் அப்படியே படித்துக் காட்டப் போகிறேன்.

ஒரு நல்ல செய்தி. இன்று மேலாளரிடம் பேசினேன். வெடிக்கு முன் முகப்பைப் படம் எடுக்க என்னையே அனுமதிக்கிறார். ஹெல்மெட், பாதுகாப்புத் தூரம் எல்லாம் விதிப்படி. ஸ்கேல் தெரிய ஒரு கம்பத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்றும் அவரே சொன்னார்.

நுண்ணோக்கி | புதன், இரவு 10.00

அண்ணா, கம்பத்தில் பத்து செ.மீ.க்கு ஒரு பட்டை கறுப்பும் வெள்ளையுமாக அடித்துவிடுங்கள். பெஞ்ச் எண்ணும் தேதியும் சிலேட்டில் எழுதிப் படத்துக்குள்ளேயே வரட்டும். பெரிய எலும்புக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். 2013-ல் கல்லமேட்டிலிருந்து விவரித்த டிரூடான்டிட் டைனோசர் ஒரே ஒரு குட்டிப் பல்லை வைத்துத்தான். அந்த வகை இந்தியாவில் இருந்தது என்று யாரும் அதுவரை நினைக்கவில்லை.

டோர்செட் கரை | வியாழன், மதியம் 2.40

சேமித்து வைப்பது பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். உங்கள் பெட்டிகளில் பித்தளை நிறத்தில் மின்னும் கல் ஏதாவது இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) ஏறிய அம்மோனைட் இங்கே நிறையக் கிடைக்கும். காற்றில் ஈரம் பட்டால் சில வருடத்தில் மஞ்சள் பொடியாகும். அந்தப் பொடியில் வருகிற அமிலம் பக்கத்திலிருக்கும் சீட்டையும் தின்றுவிடும். மூடிய டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், மாதம் ஒருமுறை பார்வை. விரிசல் விட்ட எலும்புக்குப் பாராலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்துத் தடவுவார்கள், வேண்டும்போது மறுபடி கரைத்து எடுக்கலாம். கடையில் கிடைக்கிற சூப்பர் பசையைத் தடவிவிட்டால் அப்புறம் பிரிப்பது ரொம்பக் கஷ்டம்.

காரை ஊர்க்காரி | வெள்ளி, காலை 6.10

அப்பாவிடம் நேற்று இரவு காட்டினேன். போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அம்மோனைட்டை அல்ல, ஜிப்சத்தைப் பார்த்தார். "இது தட்டை தட்டையா வர்ற எடம் இல்ல, நாரா வர்ற எடம்" என்றார். நாராக வருகிற ஜிப்சம், அடியில் துருக்கோடு, இரண்டும் சேர்ந்து இருக்கும் ஓடைகள் இரண்டே இரண்டு என்கிறார். ஒன்று பனைமரம் நிற்கும் முனைக்குப் பின்னால், இன்னொன்று தெற்கே ரொம்பத் தள்ளி.

தம்பி, நீங்கள் வழி தவறிய அன்று பனைமரம் பார்த்தீர்களா? ஒற்றைப் பனை, உச்சியில் இடி விழுந்து மொட்டையாக இருக்கும்.

முதல் சீசன் | வெள்ளி, காலை 6.32

பார்த்தேன் அக்கா! அந்த மொட்டைப் பனையைப் பார்த்துத்தான் திரும்பி வழி கண்டுபிடித்தேன். எனக்கு இடது கைப் பக்கம் இருந்தது.

காரை ஊர்க்காரி | வெள்ளி, காலை 6.50

அப்படியானால் பனைமர ஓடைதான். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்பிவிட்டார், வெயில் ஏறுமுன் பார்த்துவிட்டு வருகிறேன் என்று. ஜிபிஎஸ் எடுக்க என் சொந்தத் தம்பியையும் கூடவே அனுப்பியிருக்கிறேன்.

காரை ஊர்க்காரி | வெள்ளி, காலை 9.45

கல் எடுத்த பள்ளம் இன்னும் இருக்கிறதாம். தட்டு அளவு, வட்டமாக. வருடத்து மழை இன்னும் வராததால் மூடவில்லை. எண் எடுத்து உங்கள் ஆசிரியருக்கு அனுப்பியாயிற்று. பள்ளத்துச் சுவரில் இருந்து ஒரு பிடி மண்ணும் தாளில் மடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தப் பெண் கேட்பாள் என்று அப்பாவுக்கே தோன்றியிருக்கிறது.

நுண்ணோக்கி | வெள்ளி, காலை 10.05

அப்பாவுக்கு என் நமஸ்காரம். இதைவிட நல்ல மாதிரியை என் ஆய்வேட்டுக்கு நானே எடுத்ததில்லை. இரண்டையும் ஒன்றாக அனுப்புங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

நுண்ணோக்கி | அடுத்த வியாழன், இரவு 11.30

முடிந்தது. கண் வலிக்கிறது, ஆனால் எழுதாமல் தூங்க முடியாது.

தம்பி அனுப்பிய மண்ணிலும் பள்ளத்து மண்ணிலும் ஒரே ஃபோராம் கூட்டம்தான். அதில் முக்கியமானது ரோட்டாலிப்போரா. வட்டமான ஓடு, ஓரத்தில் கத்தி விளிம்புபோல ஒரு வரம்பு, இரண்டு மாதிரியிலும் தெளிவாகத் தெரிகிறது. இந்த இனம் கிரெட்டேசியஸின் ஒரு பகுதியான செனோமேனியன் காலம் முடியும் தறுவாயில், 9.4 கோடி வருட வாக்கில், உலகம் முழுக்க இல்லாமல் போனது. கடல்களில் ஆக்சிஜன் குறைந்து பல உயிர்கள் அழிந்த நேரம் அது. ஆகவே தம்பியின் அம்மோனைட் அந்த அழிவுக்கு முந்தையது. காரை அடுக்கின் எல்லாப் பகுதியிலும் இதைச் சொல்ல முடியாது, மேலே போனால் அடுத்த காலமான டூரோனியன் வந்துவிடும். அதனால்தான் எந்த ஓடை என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

அம்மோனைட் எந்த வகை என்று நான் சொல்லமாட்டேன். தையல்கோடு (உள் அறைச் சுவர்கள் ஓட்டோடு சேரும் கோடு) தெரிய ஜிப்சத்தை ஆய்வகத்தில் பக்குவமாக நீக்க வேண்டும். எங்கள் துறையில் அதற்கு ஆள் இருக்கிறார்கள்.

சேலத்துக்காரன் | வெள்ளி, காலை 7.00

தம்பி, அன்று கோபமாக எழுதியதை அழிக்கப் போவதில்லை, அது இருக்கட்டும். ஆனால் அடுத்த சீசனில் என்னோடு ஜோடியாக நடக்க வாருங்கள். என்னிடம் பவர் பேங்க் இரண்டு இருக்கிறது.

முதல் சீசன் | வெள்ளி, காலை 7.40

வருகிறேன் அண்ணா. கல்லைத் துறைக்கே கொடுத்துவிடுகிறேன். சீட்டு எழுதிவிட்டேன், சரியா என்று பாருங்கள்:

"அம்மோனைட், வகை பின்னர். காரை, பனைமர ஓடை, ஜிபிஎஸ் இணைப்பில். ஊட்டத்தூர்த் தொகுதி, காரை அடுக்கு, செனோமேனியன் (ரோட்டாலிப்போரா கொண்டு). இரண்டாவது நடை, தை மாதக் கடைசி ஞாயிறு. எடுத்தவர்: நான். இடம் கண்டவர்: காரை ஊர்க்காரியின் அப்பா. அனுமதியின்றி மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டது."

கடைசி வரி தேவையா என்று தெரியவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

கல்நடை | வெள்ளி, காலை 8.20

தேவை. அப்படியே இருக்கட்டும். "நான்" என்பதற்குப் பதிலாக முழுப் பெயர் எழுதுங்கள், அப்பாவின் பெயரும் இனிஷியலோடு வேண்டும். அவருக்குப் பெயர் போடுவதில் ஆட்சேபம் இல்லையே என்று கேட்டுச் சொல்லுங்கள் அம்மா.

மற்றவர்களுக்கு: இதுவரை சீட்டோடு வந்தவை 64, இன்னும் ஒன்பது பேர் பெட்டி திறக்கவில்லை. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வாரணவாசி அருங்காட்சியக வாசலில் கூடுகிறோம். உள்ளே பார்த்துவிட்டு, மதியம் காரைப் பள்ளிக்கூடம். பிள்ளைகளுக்குக் காட்ட ஆளுக்கு ஒரு கல், கையில் எடுத்துப் பார்க்கத் தாங்குகிற கல்லாக. கிரிஃபியா நான்கு நான் எடுத்து வருகிறேன்.

காரை ஊர்க்காரி | வெள்ளி, காலை 8.55

ஆட்சேபம் இல்லையாம். எந்தப் பேனாவில் எழுதுவார்கள், மழையில் அழியாதா என்று கேட்கிறார்.

நுண்ணோக்கி | வெள்ளி, காலை 9.10

பென்சிலில் எழுதுவோம் என்று சொல்லுங்கள் அக்கா. பேனா மையைவிட அதுதான் தாங்கும்.